குடியில் ‘போதும்’ என்பது: ஆணுக்கு எங்கே தவறுகிறது, பெண்ணுக்கு எங்கே தவறுகிறது

கேள்வி இது: ஒரே விருந்தில் பெண்கள் இரண்டு கிளாஸோடு எழுந்துவிடுகிறார்கள்; ஆண்கள் பாட்டில் காலியாகும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்களுக்கு இயல்பிலேயே தன்னடக்கம் அதிகம் என்றுதானே இதற்குப் பொருள்? அப்படியானால் குடி கைமீறிப்போன பெண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

குடிக்கும் அளவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் பெரிது. நிறுத்தும் திறனில் வித்தியாசம் சிறிது. எந்த இடத்தில் கட்டு அறுகிறது என்பதில்தான் இருவரும் நன்றாகப் பிரிகிறார்கள். ஆணுக்குச் சொல்லிக்கொடுக்கும் உபாயம் பெண்ணுக்குப் பலிக்காமல் போவதும், பெண்ணுக்கு உதவியது ஆணுக்குக் கேலியாகத் தெரிவதும் இதனால்தான்.

குடியில் கட்டுப்பாடு என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவது உண்மையில் மூன்று வேலைகள். இன்று தொடங்குவதா வேண்டாமா என்பது ஒன்று. தொடங்கியபின் எந்த வேகத்தில் குடிப்பது என்பது இரண்டு. நினைத்த இடத்தில் நிறுத்துவது மூன்று. முதல் வேலையில் கெட்டிக்காரராக இருப்பவர் மூன்றாவதில் கோட்டை விடலாம். மாதத்துக்கு ஒருமுறைதான் தொடுவார், தொட்டால் நினைவு தப்பும்வரை விடமாட்டார் என்ற மனிதரை எல்லோருக்கும் தெரியும். உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்வித் தாளில் நான்காவது கேள்வி இதைத்தான் கேட்கிறது: கடந்த ஓராண்டில், தொடங்கியபின் நிறுத்த முடியாமல் போனது எத்தனை முறை? குடிநோயைக் கண்டறிய மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 பட்டியலில் உள்ள 11 அடையாளங்களில் முதல் இரண்டும் இதையே சொல்கின்றன: நினைத்ததைவிட அதிகமாகவோ அதிக நேரமோ குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது. எத்தனை பெக் என்பது இந்த இரண்டிலும் இல்லை. எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அளவுகோல். மூன்று பெக்கில் நிறுத்துவேன் என்று மூன்றில் நிறுத்திய ஆணைவிட, ஒன்று போதும் என்று நினைத்து மூன்று குடித்த பெண்ணுக்குக் கட்டுப்பாடு தளர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருவரும் மூன்று குடித்தவர்கள்.

ஆண்கள் அதிகம் குடிக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. மதுவால் நேர்ந்த சாவுகள் என்று உலக சுகாதார அமைப்பு 2019ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது 26 லட்சம். அதில் 20 லட்சம் ஆண்கள், 6 லட்சம் பெண்கள். இதை வைத்துப் பெண்ணின் மனவுறுதிக்குச் சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல நாடுகளின் 68 ஆய்வுகளை, மொத்தம் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். 1900ஐ ஒட்டிப் பிறந்தவர்களில் ஆண்கள் குடிப்பதற்கான வாய்ப்பு பெண்களைப்போல 2.2 மடங்கு, தொல்லை தரும் அளவுக்குக் குடிப்பது 3 மடங்கு. 1990களில் பிறந்தவர்களில் அதே விகிதங்கள் 1.1, 1.2 என்று இறங்கிவிட்டன. நூறு ஆண்டுகளில் மூளையின் அமைப்பு மாறாது. மாறியது, பெண் குடித்தால் ஊர் என்ன சொல்லும் என்பது. கையில் இருக்கும் சொந்தக் காசு. கிளாஸோடு உட்கார இடம் கிடைப்பது. அக்காலப் பெண்களின் தன்னடக்கம் என்று நாம் எண்ணியதில் பெரும்பங்கு, பிறர் கண்ணுக்கு அஞ்சிய அடக்கம். அந்தக் கண் விலகினால் அதுவும் விலகும். பெண்களின் குடி பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டு நடப்பதற்கும் இதுவே காரணம்.

ஆய்வுக்கூடம் என்ன சொல்கிறது? சிறுவயதில் வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது. சொன்னதும் கையை இழுத்துக்கொள்வது, காத்திருப்பது போன்றவற்றில் பெண் குழந்தைகள் முந்துகிறார்கள். பெரியவர்களானதும் இது பெருமளவு கரைந்துவிடுகிறது. 2011இல் 277 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், முயன்று தன்னைக் கட்டுப்படுத்தும் திறனில் ஆண் பெண் வித்தியாசம் மிகச் சிறிது அல்லது இல்லை என்றே வந்தது. இரண்டு விஷயங்களில்தான் தெளிவான இடைவெளி. பரபரப்பைத் தேடும் ஆசை ஆண்களுக்கு அதிகம். தண்டனைக்கு, பின்விளைவுக்குக் கூசும் தன்மை பெண்களுக்கு அதிகம். வண்டியை வைத்துச் சொன்னால், பிரேக் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்; ஆணுக்கு ஆக்சிலரேட்டர் கொஞ்சம் தூண்டலாக இருக்கிறது, பெண்ணுக்கு முன்னால் உள்ள பள்ளம் கொஞ்சம் சீக்கிரம் தெரிகிறது.

மது உள்ளே போனபின் கதை சற்று மாறும். 2004இல் வெளியான ஒரு சிறு பரிசோதனையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உடல் எடைக்கேற்ப மது கொடுத்து, திரையில் ‘நில்’ என்ற குறி வந்ததும் விரலை நிறுத்தச் சொன்னார்கள். ஆண்களிடம் நிறுத்தும் திறன் அதிகம் பழுதுபட்டது. அவர்கள் சுறுசுறுப்பு ஏறியதாகச் சொன்னார்கள். பெண்கள் அசதியைச் சொன்னார்கள். மதுவுக்கு மூளையில் சுகத்தை உணர்த்தும் வெகுமதிப் பகுதியில் டோபமின் என்ற ரசாயனம் சுரப்பது இளம் ஆண்களிடம் கூடுதல் என்று மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்றும் காட்டியிருக்கிறது. எல்லாம் சிலரை வைத்துச் செய்தவை. இதன்மேல் பெரிய கட்டடம் எழுப்பக்கூடாது. ஆனாலும் திசை ஒன்றுதான்: ஒரே மது ஒருவருக்கு ‘இன்னும் வேண்டும்’ என்றும், மற்றவருக்கு ‘படுக்கலாம்’ என்றும் சொல்லுமானால், இரண்டாமவர் எழுந்துபோவதற்கு மனவுறுதி தேவைப்படவே இல்லை.

இனி உடம்பின் கணக்கு. பலரும் இதைச் சரியாகப் போடுவதில்லை. மது உடலில் உள்ள நீரில்தான் பரவும். கொழுப்பில் ஏறக்குறையப் பரவாது. ஆணின் எடையில் சுமார் 60 சதவீதம் நீர், பெண்ணின் எடையில் 50 முதல் 55 சதவீதம். ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி எரிக் விட்மார்க் 1930களில் கொடுத்த சூத்திரம் இன்றும் தடயவியலில் பயன்படுகிறது: குடித்த பானத்தில் உள்ள சுத்தச் சாராயத்தின் (எத்தனால்) கிராம் எடையை, கிலோவில் உள்ள உடல் எடையோடு ஒரு காரணியைப் பெருக்கிவந்த எண்ணால் வகுக்க வேண்டும். காரணி ஆணுக்குச் சராசரியாக 0.68, பெண்ணுக்கு 0.55. வந்த விடையை 100ஆல் பெருக்கினால், 100 மி.லி. ரத்தத்தில் ஏறக்குறைய எத்தனை மி.கி. என்று கிடைக்கும்.

சாராயத்தின் கிராம் எடை எப்படிக் கிடைக்கும்? மில்லிலிட்டரை மதுவின் சதவீதத்தாலும், பிறகு 0.79ஆலும் பெருக்கினால் போதும். 40 சதவீத விஸ்கி 60 மி.லி. என்றால் 19 கிராம். 5 சதவீத பீர் 330 மி.லி. என்றால் 13 கிராம். அதே அளவு பீர் 8 சதவீத ‘ஸ்ட்ராங்’ ஆனால் 21 கிராம். 13 சதவீத ஒயின் 150 மி.லி. சுமார் 15 கிராம்.

ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். அவர் 75 கிலோ, அவள் 55 கிலோ. இருவரும் இரண்டு மணி நேரத்தில் 60 மி.லி. விஸ்கி இரண்டு, அதாவது 38 கிராம் சாராயம் குடிக்கிறார்கள். மணிக்கு 15 மி.கி. வீதம் கல்லீரல் கழித்துவிடுகிறது என்று வைத்தால், கடைசியில் 100 மி.லி. ரத்தத்தில் அவருக்குச் சுமார் 45 மி.கி., அவளுக்குச் சுமார் 95 மி.கி. இரட்டிப்புக்கு மேல். அவர் கலகலப்பாக இருக்கும் நேரத்தில் அவளுக்கு நாக்கு குழறத் தொடங்கியிருக்கும். இருவரும் 60 கிலோ என்று வைத்தாலும் 63க்கு 85 என்று வரும். பெண்ணின் வயிற்றில் மதுவைச் சிதைக்கும் நொதி குறைவு என்று 1990இல் வந்த ஆய்வு ஒன்று பிரபலமானது. அதன் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் சர்ச்சை இருக்கிறது. நீரின் கணக்கே பெரும்பகுதி வித்தியாசத்தை விளக்கிவிடும். அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனம் ‘வெறித்தனமான குடி’ என்பதற்குச் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஆணுக்கு 5 அளவு, பெண்ணுக்கு 4 அளவு என்று கோடு கிழித்தது இதனால்தான். அங்கே ஒரு அளவு என்றால் 14 கிராம் சாராயம். பிரிட்டனில் ஒரு யூனிட் 8 கிராம், ஆஸ்திரேலியாவில் 10 கிராம். எந்த நாட்டு ‘ஒன்று’ என்று பார்க்காமல் இணையத்தில் படித்த எண்ணைக் கடைப்பிடிப்பது வழக்கமான தவறு.

நிறுத்த முடியாமல் போவதில் இந்தக் கணக்கின் பங்கு என்ன? மது முதலில் மங்கச்செய்வது, நிறுத்தச் சொல்லும் அதே மூளைப் பகுதியை. போதும் என்று முடிவெடுக்க வேண்டிய நீதிபதிக்கே முதல் பெக்கை ஊற்றிக்கொடுத்துவிடுகிறோம். ஆணோடு சரிக்குச் சரி கிளாஸ் தூக்கும் பெண், அவனைவிட ஒரு ரவுண்டு முன்பே இந்த நிலைக்கு வந்துவிடுகிறாள். மனவுறுதி குறைவு என்று இதை வாசிப்பது பிழை. அவளது உறுதியை மது சீக்கிரம் தின்றிருக்கிறது. இன்னொன்றும் உண்டு: குடித்தது ரத்தத்தில் உச்சத்தை எட்ட அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை ஆகலாம். ‘இன்னும் ஒன்று ஊற்றலாமா’ என்ற கேள்வி எழும்போது, ஏற்கெனவே குடித்ததே முழுதாக வந்துசேர்ந்திருக்காது. ஏறும்போது உற்சாகம், இறங்கும்போது அசதி என்பது மதுவின் சுபாவம். ஏறும் வழியில் எடுக்கும் முடிவுகள் எப்போதும் ‘ஊற்று’ என்றே வரும்.

எதிர்ப்பக்கம் ஆணுக்கு ஒரு பொறி இருக்கிறது. “எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பான்” என்று பாராட்டாகச் சொல்வார்கள் அல்லவா, அதுதான். குறைந்த அளவில் தலைசுற்றல், குமட்டல், தூக்கம் வருபவருக்கு உடம்பே வாசலில் நிற்கும் காவல்காரன். அது வராதவருக்குக் காவல் இல்லை. மார்க் ஷுக்கிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1978 முதல் இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து காட்டியது இதைத்தான்: இருபது வயதில் மதுவின் தாக்கத்தைக் குறைவாக உணர்ந்தவர்களே பிற்பாடு குடிநோய்க்கு அதிகம் ஆளானார்கள். தாங்கும் சக்தி ஒரு பெருமையே அல்ல, அது முன்னெச்சரிக்கை. உடல் எடையும் நீரும் கூடுதல் என்பதால் ஆண்களில் பலருக்கு இந்தக் காவல் பிந்தித்தான் விழிக்கிறது. பெண்ணில் அது முந்தி விழித்தாலும், பழகப் பழக அவளுக்கும் உறங்கிப்போகும். முன்பு ஒரு கிளாஸில் வந்த அசதி இப்போது மூன்றில்தான் வருகிறது என்றால், காவல்காரன் போய்விட்டான் என்று கொள்ளலாம்.

ஷுக்கிட் முதலில் பின்தொடர்ந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். குடியைப் பற்றிய பழைய அறிவில் கணிசமான பகுதி இப்படி ஆண்களை மட்டும் வைத்து எழுதப்பட்டது. மனவுறுதி ஒரு தசை, பகலில் களைத்தால் இரவில் குடியைத் தடுக்க முடியாது என்ற கருத்தும் அப்படித்தான் பரவியது. 2002இல் வந்த, அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வில் பங்கேற்றவர்கள் ஆண்கள் மட்டுமே. அந்தத் தசைக் கருத்தே 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சோதித்தபோது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. ஆகவே களைப்பால் கட்டுப்பாடு போயிற்று என்பதைவிட, களைப்பைப் போக்கும் மருந்தாகக் குடியைப் பழக்கிக்கொண்டதால் போயிற்று என்று பார்ப்பது பயன் தரும். முன்னதற்குச் செய்ய எதுவுமில்லை, பின்னதை மாற்றலாம்.

எதற்காகக் குடிக்கிறோம் என்பதை உளவியலாளர்கள் நான்காகப் பிரிப்பார்கள்: மகிழ்ச்சியை ஏற்ற, கூட்டத்தோடு கலக்க, கூட்டத்திலிருந்து விலக்கப்படாமல் இருக்க, மனப்பாரத்தை இறக்க. ஆண்கள் முதல் இரண்டில் கூடுதல் மதிப்பெண் எடுக்கிறார்கள். குடிப் பிரச்சினையோடு வரும் பெண்களிடம் கடைசிக் காரணம் ஓங்கி நிற்கிறது. மனச்சோர்வு, பதற்றம், பழைய காயங்கள், குறிப்பாகச் சிறுவயதில் நேர்ந்த பாலியல் வன்முறை, குடிக்கு முன்பே அங்கே இருக்கின்றன. ஆண்களிடம் அடிக்கடி முன்னால் வருவது சிறுவயதுத் துடுக்குத்தனமும் அவசரபுத்தியும். பரம்பரையின் பங்கு, குடிநோய்க்கான சாய்வில் சுமார் பாதி. அதில் ஆண் பெண் வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. வித்தியாசம் வழியில்தான்.

வழி வேறானால் சறுக்கும் இடமும் வேறு. ஆணுக்குக் கூட்டம், நல்ல மனநிலை, வெற்றி, வார இறுதி, யாரோ சொல்லும் “இன்னொரு ரவுண்டு”. பெண்ணுக்கு வீடு, தனிமை, சண்டைக்குப் பிந்திய இரவு, பிள்ளைகள் உறங்கியபின் கிடைக்கும் ஒரு மணி நேரம். துணையோடு உட்கார்ந்தும்தான். மணவாழ்வு ஆணுக்குப் பெரும்பாலும் காப்பு. நிறுத்தியவர் திரும்பவும் தொடாமல் இருக்க உதவுகிறது. பெண்ணுக்கு அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. கணவன் குடிப்பவன் என்றால் அவள் அளவு அவன் அளவை நோக்கி நகரும். மணவாழ்வின் உரசலே மீண்டும் குடிக்கக் காரணமாவதும் உண்டு. இவை சராசரிகள்தான். தனியாக மூலையில் உட்கார்ந்து துக்கத்தில் குடிக்கும் ஆணும், கூட்டத்தில் வேகம் பிடிக்கும் பெண்ணும் ஏராளம். கீழே சொல்வதில் உங்கள் பாலினத்துக்கு நேரே உள்ளதை வேண்டாம், உங்கள் சறுக்கலுக்கு நேரே உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான்கு வாரக் கணக்கு. தொடங்குவதற்கு முன், கிளாஸ் கையில் வராதபோதே, இன்று எத்தனை என்று போனில் எழுதிவைக்க வேண்டும். மறுநாள் காலை நடந்தது எத்தனை, எங்கே, யாரோடு, அதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். எண்ணிக்கையைக் கிராமாக மாற்றிப் பாருங்கள். குறிப்பாக வீட்டில் ஊற்றுபவர்கள். பெரிய ஒயின் கிளாஸை முக்கால்வாசி நிரப்பினால் 250 மி.லி. எளிதாக வரும், அது 25 கிராமுக்கு மேல். ‘ஒரே ஒரு கிளாஸ்தான்’ என்பது அங்கே பொய்யாகிவிடுகிறது, சொல்பவர் பொய் சொல்லாமலே. ஒரு வாரத்துக்கு அளவுக் குவளை வைத்து ஊற்றுவது கண்ணைத் திறக்கும். நான்கு வாரக் குறிப்பில் திட்டத்துக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளி எந்த வரிகளில் பெரிதாக இருக்கிறதோ, அங்கேதான் வேலை இருக்கிறது.

கூட்டத்தில் சறுக்குபவருக்கு எதிரி வேகம். ரவுண்டு முறையில், ஐந்து பேரில் மிக வேகமாகக் குடிப்பவனே மற்ற நால்வரின் வேகத்தையும் நிர்ணயிக்கிறான். ரவுண்டில் சேராமல் தனக்குத் தானே வாங்கிக்கொள்வது, பாதி இருக்கும்போது மேலே ஊற்றவிடாமல் கிளாஸைக் காலியாக்கியபின்பே நிரப்புவது, முதல் கிளாஸைத் தாகத்துக்குக் குடிக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு மாலையில் ஒன்று இரண்டு குறையும். தாகத்துக்கு முதலில் தண்ணீர். வெறும் வயிற்றில் தொடங்கினால் உச்சம் சீக்கிரமும் உயரமாகவும் வரும்; சாப்பாடு பிறகு என்று தள்ளுவது ஆண்களின் நெடுநாள் தவறு. எத்தனை என்பதோடு எத்தனை மணிக்கு எழுவேன் என்பதையும் முன்பே ஒருவரிடம் சொல்லிவைக்கலாம். எண்ணிக்கை மூன்றாவதுக்குப் பின் மறந்துபோகும், கடிகாரம் மறக்காது.

மறுப்புக்கு வாசகம் தயாராக இருக்க வேண்டும். ‘இன்னொன்று கொடுத்தால் வேண்டாம் என்பேன்’ என்ற பொதுத் தீர்மானம் பலவீனமானது. ‘மூன்றாவதை யாராவது நீட்டினால், வண்டி ஓட்டணும்டா, சோடா மட்டும் போதும் என்று சொல்லி எழுந்து கை கழுவப் போவேன்’ என்பது போல, சூழலையும் செயலையும் முடிச்சுப் போட்ட தீர்மானம் நிலைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. விளக்கம் நீளக்கூடாது. காரணத்தை விவரித்தால் வாதம் தொடங்கும். வாதத்தில் குடிக்காதவன் எப்போதும் தோற்பான்.

இத்தகைய தற்காப்பு உபாயங்களைப் பெண்கள் ஆண்களைவிட அதிகம் கையாளுகிறார்கள் என்பது கல்லூரி மாணவர்களிடம் நடந்த பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. வெளியே போகும்போது பெண்ணுக்குப் பத்திரமாக வீடு திரும்பும் கவலை கூடவே வருகிறது. அதுவே அவளை எண்ணவைக்கிறது. வீட்டுக்குள் அந்தக் கவலை இல்லை, எண்ணிக்கையும் இல்லை. தனிமையில் சறுக்குபவருக்கு வேகக் கட்டுப்பாடு பெரிதாக உதவாது. போர் தொடங்கும் முன்பே தோற்றிருக்கும். அங்கே முதல் வேலை, அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறு சொந்தக்காரன் தேடுவது. வீட்டில் இருப்பு வைக்காமல், குடிக்கும் நாளுக்கு மட்டும் அன்றைய அளவை வாங்குவது சாதாரண யோசனையாகத் தெரியும். ஆசைக்கும் கிளாஸுக்கும் நடுவே இருபது நிமிடம் நுழைக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆசை அலைபோல எழுந்து உச்சம் தொட்டு இறங்கும்; அந்த நேரத்தைக் கடத்தினால் பாதி வேலை முடிந்தது. தூக்கத்துக்காகக் குடிப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மது சீக்கிரம் உறங்கவைத்து, பின்னிரவுத் தூக்கத்தைக் குலைக்கும். மூன்று மணிக்கு விழிப்பதும், மறுநாள் பதற்றமும், அன்று மாலை திரும்பவும் ஊற்றுவதும் ஒரே சங்கிலி. மனச்சோர்வு இருப்பவர் அதற்குச் சிகிச்சை எடுக்காமல் குடியை மட்டும் அடக்கப் பார்த்தால் நீடிப்பதில்லை.

தம்பதியாகக் குடிப்பவர்களுக்கு ஒரே விதி: பாட்டிலைப் பொதுவில் வைத்துச் சமமாகப் பகிராதீர்கள். மேலே போட்ட கணக்குப்படி அவருடைய இரண்டு, அவளுக்கு ஒன்று. அதையும் தாண்டி, மார்பகப் புற்றுநோய்க்கு மதுவின் குறைந்த அளவே போதும்: நாளொன்றுக்கு 10 கிராம் கூடும்போது அபாயம் சுமார் 7 முதல் 10 சதவீதம் கூடுகிறது. கல்லீரலும் பெண்ணுக்குக் குறைந்த அளவில், குறைந்த ஆண்டுகளில் கெடுகிறது. கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது.

சறுக்கியபின் நடப்பது இன்னும் முக்கியம். இரண்டு என்று முடிவுசெய்து மூன்றாவதைத் தொட்டதும், ‘விரதம்தான் கெட்டுவிட்டதே’ என்று ஆறுவரை போவது எல்லோருக்கும் தெரிந்த பாதை. மூன்றாவதை உள்ளே தள்ளியது மது; நான்காவதைத் தள்ளுவது பெரும்பாலும் வெட்கம். 1973இல் அமெரிக்காவில் நடந்த பிரபலமான பரிசோதனையில், குடிநோயாளிகளுக்குச் சிலருக்கு வோட்கா கலந்தும் சிலருக்குக் கலக்காமலும் பானம் கொடுத்தார்கள். அதிகம் குடித்தவர்கள், உள்ளே மது இருக்கிறது என்று நம்பியவர்கள். உண்மையில் இருந்ததா என்பது பெரிதாகப் பொருட்படவில்லை. ஒரு சொட்டு பட்டால் கட்டுப்பாடு போய்விடும் என்ற நம்பிக்கையே கட்டைப் பாதி அறுக்கிறது. ஊர்ப் பழி பெண்ணுக்குக் கனமாக விழுவதால் அவளுக்கு இந்த வெட்கமும் கனம், மறைப்பதும் அதிகம். மூன்றாவது நடந்துவிட்டால் அது மூன்று என்று குறித்துவைத்து எழுந்துவிடுவதுதான் அன்று செய்யக்கூடிய நல்ல காரியம்.

உதவி தேடுவதிலும் இதன் நிழல் விழுகிறது. ஆண் பெரும்பாலும் விபத்து, வேலை, காவல், சண்டை என்று வெளியே வெடித்து வருகிறான். பெண் தூக்கமில்லை, படபடப்பு, வயிற்றெரிச்சல் என்று மருத்துவரிடம் போகிறாள். குடியைப் பற்றி அவளிடம் கேட்கப்படுவதும் இல்லை, அவள் சொல்வதும் இல்லை. முதல் குடியிலிருந்து குடிநோய்க்குப் பெண்கள் வேகமாகப் போகிறார்கள் என்ற கருத்து சிகிச்சை மையங்களில் பார்த்ததிலிருந்து எழுந்தது. பொதுமக்கள் கணக்கெடுப்புகளில் அது அவ்வளவாக நிலைக்கவில்லை. ஆடிட் தாளின் முதல் மூன்று கேள்விகளை மட்டும் கேட்கும் சுருக்க வடிவத்தில் ஆணுக்கு 4, பெண்ணுக்கு 3 மதிப்பெண் வந்தாலே மேலும் விசாரிக்க வேண்டும்.

தினமும் அதிகம் குடிப்பவர், ஆணோ பெண்ணோ, மனவுறுதியைக் காட்ட ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு. இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறும் சன்னி நிலை வரலாம், அது உயிரை எடுக்கும். காலையில் கை நடுங்கி, குடித்தால் நிற்கிறது என்றால் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நிறுத்த வேண்டாம். நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரை வழக்கமாக நாளுக்கு 50 மி.கி.; குடியில் கிடைக்கும் சுகத்தை மழுக்கி, ‘இன்னொன்று’ என்ற இழுப்பைக் குறைக்கிறது. ஓபியம் வகை வலி மருந்து எடுப்பவர்களுக்கு ஆகாது. கல்லீரல் பரிசோதனை வேண்டும். டைசல்ஃபிராம் வேறு வகை. அதை எடுத்தபின் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் இதைக் கலந்துகொடுக்கும் வழக்கம் உண்டு. அவர் விவரம் அறியாமல் வழக்கமான அளவைக் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து என்னவென்று வீட்டில் சொல்லாமல் மறைத்தால் மருத்துவமனையிலும் காரணம் பிடிபடாது.